ஒரு பரம்பரையலகு கலத்தின் கருவுக்குள் எங்கே இருக்கிறது?

களுவாஞ்சிகுடியில் உயர்தரம் உயிரியல் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "மனித டி.என்.ஏ. முழுவதையும் வாசித்து முடித்துவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் குரோமற்றின், ஜீனோம் ஒழுங்கமைப்பு என்று சொல்லி வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்னும் எதைத் தேடுகிறார்கள்? அப்படி ஒருவரின் ஆராய்ச்சி வாழ்க்கை எப்படிப் போகும்? மட்டக்களப்பில் இருந்து அந்தப் பக்கம் போக வழி இருக்கிறதா?"

நல்ல கேள்வி, தங்கச்சி. துறையைப் பொதுவாக விளக்கப் போனால் அது பாடக்குறிப்பாகிவிடும். அதனால் ஒரு விஞ்ஞானியின் வேலையைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்து சொல்கிறேன். அவர் பெயர் வென்டி பிக்மோர், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் வேலை செய்கிறவர். நான் மூலக்கூற்று உயிரியல் படிப்பிக்கிறவன். குரோமற்றின் பற்றி மாணவர்களோடு பேசும்போது அவருடைய கட்டுரைகளைத்தான் முதலில் கையில் எடுப்பேன். முப்பது வருடத்துக்கும் மேலாக அவர் ஒரே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்: ஒரு பரம்பரையலகு (ஜீன்) கலத்தின் கருவுக்குள் எந்த இடத்தில் இருக்கிறது, அந்த இடம் அதன் வேலையை மாற்றுகிறதா?

அவரிடம் போவதற்கு முன் அளவைப் பாருங்கள். உங்கள் உடம்பின் ஒரு கலத்தின் கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.யை எல்லாம் இழுத்து நேராக வைத்தால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். கருவின் விட்டமோ ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு, பல கலங்களில் அதைவிடவும் குறைவு. இவ்வளவு நீளத்தையும் இவ்வளவு சின்ன இடத்துக்குள் அடக்குவது பாதி வேலைதான். அடக்கிய பிறகும் ஈரல் கலம் தனக்குத் தேவையான பரம்பரையலகுகளை மட்டும் வாசிக்க வேண்டும், நரம்புக் கலம் தனக்குத் தேவையானதை மட்டும். இரண்டிலும் டி.என்.ஏ. எழுத்துகளின் வரிசை ஒன்றேதான். அந்த வரிசையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இரண்டு கலங்களும் ஏன் வேறு வேறு என்பது தெரியாது. டி.என்.ஏ. மடிந்திருக்கும் விதத்திலும், அதோடு ஒட்டியிருக்கும் புரதங்களிலும், அந்தப் புரதங்களின்மேல் ஏறியிருக்கும் இரசாயன அடையாளங்களிலும்தான் அந்த வித்தியாசம் இருக்கிறது. டி.என்.ஏ.யும் இந்தப் புரதங்களும் சேர்ந்த தொகுதிதான் குரோமற்றின். ஆகவே மனித ஜீனோமை, அதாவது நம் டி.என்.ஏ. முழுவதையும், வாசிக்கும் திட்டம் 2003 இல் முடிந்ததும், 2022 இல் விடுபட்டிருந்த இடங்கள் ஏறத்தாழ எல்லாமே நிரப்பப்பட்டதும் இந்தத் துறையை மூடிவிடவில்லை. வரிசை கையில் இருந்தால்தான் "இந்தத் துண்டு எங்கே நிற்கிறது" என்றே கேட்க முடியும்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1928 இல் எமில் ஹைற்ஸ் என்ற ஜேர்மன் தாவரவியலாளர் பாசித் தாவரங்களின் கலங்களுக்குச் சாயமூட்டிப் பார்த்தார். நிறமூர்த்தங்களின் (குரோமோசோம்களின்) சில பகுதிகள் கலப்பிரிவு முடிந்த பிறகும் தளராமல் கறுப்பாகவே நிற்பதைக் கண்டார். இறுகிய ஹெற்றரோகுரோமற்றின், தளர்ந்த யூகுரோமற்றின் என்று நீங்கள் படிக்கும் பிரிவு அங்கே தொடங்கியது. 1974 இல் ரொஜர் கோர்ன்பேர்க் அடிப்படை அலகை விளக்கினார்: எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் கூடிய ஒரு உருளை, அதைச் சுற்றி டி.என்.ஏ. இதுதான் நியூக்கிளியோசோம். 1997 இல் கரோலின் லூகரும் ரிமோத்தி ரிச்மன்டும் சகாக்களும் அதன் பளிங்குக் கட்டமைப்பை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 147 மூலச்சோடிகள், அதாவது டி.என்.ஏ. ஏணியின் படிகள், ஹிஸ்டோன்களை ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றியிருக்கின்றன. உங்கள் ஒரு கலத்தில் மட்டும் சுமார் 3 கோடி நியூக்கிளியோசோம்கள் இருக்கின்றன. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனை, கலத்தில் புரதம் கட்டும் ரைபோசோமின் ஆய்வுக்காக 2009 இல் நோபல் பரிசு வாங்கியவராகத்தான் நமக்குத் தெரியும். அதற்கு முன் அவர் குரோமற்றினிலும் வேலை செய்தவர். நியூக்கிளியோசோம்களுக்கு இடையில் உட்காரும் எச்5 என்ற ஹிஸ்டோனின் மையப் பகுதியின் கட்டமைப்பை 1993 இல் அவருடைய குழுதான் தந்தது. தமிழ் பேசும் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஒரு ஆசை.

சரி, எடின்பரோவுக்கு வருவோம். பிக்மோர் ஒக்ஸ்போர்டில் உயிர்இரசாயனம் படித்து, எடின்பரோவில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்து, அந்த நகரிலேயே தங்கிவிட்டார். 1980களில் நிறமூர்த்தங்களைப் பார்க்க இருந்த முக்கிய வழி ஜீம்சா சாயம். அந்தச் சாயம் போட்டால் ஒவ்வொரு நிறமூர்த்தத்திலும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் தெரியும். வைத்தியசாலைகளில் பட்டைகளின் ஒழுங்கை வைத்து எந்த நிறமூர்த்தம் என்று அடையாளம் காண்பார்கள், அதோடு வேலை முடிந்துவிடும். பிக்மோரும் ஏட்ரியன் சம்னரும் 1989 இல் எழுதிய ஒரு மீளாய்வுக் கட்டுரை பட்டைகளை வேறு விதமாகப் பார்த்தது. பட்டை என்பது ஜீனோம் எப்படி ஒழுங்குபட்டிருக்கிறது என்பதன் வெளித்தோற்றம் என்றார்கள். பரம்பரையலகுகள் செறிந்த இடங்களும் வறண்ட இடங்களும் ஒரு கிரமத்தில் பிரிந்து கிடக்கின்றன, அதைத்தான் சாயம் காட்டுகிறது.

1994 இல் ஜெப்ரி கிறெய்க்கோடு சேர்ந்து அதை நேரடியாகக் காட்டினார். மனிதனின் பல பரம்பரையலகுகளின் தொடக்கத்தில் சிபிஜி தீவு எனப்படும் ஒரு துண்டு இருக்கும். அந்தத் தீவுகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒளிரும் சாயமேற்றி, நிறமூர்த்தங்களின்மேல் விட்டுப் பார்த்தார்கள். பரவல் சமமாக இல்லவே இல்லை. 19ஆம் நிறமூர்த்தம் பிரகாசமாக ஒளிர்ந்தது, 18ஆம் நிறமூர்த்தம் மங்கலாகக் கிடந்தது. ஜீனோம் வரிசை வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, மனித நிறமூர்த்தங்களில் எது செறிவு எது வறட்சி என்ற வரைபடம் ஒரு நுணுக்குக்காட்டிக்கு அடியில் கிடைத்துவிட்டது.

அடுத்த பரிசோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 18உம் 19உம் அளவில் அருகருகே உள்ளவை, ஒன்று சுமார் 8 கோடி மூலச்சோடி, மற்றது 6 கோடிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் 19இல் பரம்பரையலகுகள் பல மடங்கு அதிகம். பிரிவடையாத கலத்தின் கருவுக்குள் இந்த இரண்டும் எங்கே இருக்கும்? கலங்களை வழுக்கியில் நிலைப்படுத்தி, சூடாக்கி டி.என்.ஏ. இழைகளைப் பிரித்து, 18க்கு ஒரு நிறமும் 19க்கு ஒரு நிறமுமாக ஒளிரும் துண்டுகளை ஒட்டவிட்டு, கருக்கருவாகப் படம் எடுத்து அளந்தார்கள். 1999 இல் முடிவு வெளியானது. 18 கருவின் ஓரத்தை அண்டி நின்றது. 19 நடுவில் நின்றது.

அது தற்செயல் இல்லை என்று எப்படித் தெரியும்? 18இன் ஒரு துண்டும் 19இன் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்ட ஒருவரின் கலங்களையும் அவர்கள் பார்த்தார்கள். ஒரே நிறமூர்த்தமாக ஒட்டிய பிறகும் 18இலிருந்து வந்த பகுதி ஓரத்தை நோக்கியும் 19இலிருந்து வந்த பகுதி உள்ளே நோக்கியும் நின்றது. நிறமூர்த்தத்தின் பெயரோ அதன் நீளமோ இடத்தைத் தீர்மானிக்கவில்லை, அந்தத் துண்டுக்குள் இருப்பதுதான் தீர்மானித்தது. ஒரு நல்ல பரிசோதனை எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். சாயமும் நுணுக்குக்காட்டியும் பொறுமையான அளவெடுப்பும் தவிர அதில் வேறெதுவும் இல்லை.

இங்கே ஒரு அவசர முடிவு எடுக்கத் தோன்றும். ஓரம் என்றால் பரம்பரையலகு அணைந்திருக்கும், நடு என்றால் எரியும் என்று. பல வருடங்கள் துறையில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். பிக்மோர் அதைச் சோதித்துப் பார்த்தார். நடுவில் இருக்கும் ஒரு நிறமூர்த்தப் பகுதியை ஒரு புரதத்தின் மூலம் இழுத்துக் கரு மென்சவ்வின் ஓரத்தில் கட்டிவிட்டால் என்ன ஆகும்? 2008 இல் அவருடைய குழுவின் விடை வந்தது. அருகிலிருந்த சில பரம்பரையலகுகளின் வேலை குறைந்தது, சிலவற்றுக்கு எதுவுமே ஆகவில்லை. அதாவது இடத்துக்குச் செல்வாக்கு உண்டு, ஆனால் அது ஆணையிடுவதில்லை. அதே வருடம் வேறு ஆய்வுகூடங்களும் இதே மாதிரிப் பரிசோதனைகளைச் செய்து ஒன்றுக்கொன்று வேறுபட்ட முடிவுகளைத் தந்தன. அடுத்த வருடம் இரீனா சொலொவேய் குழு காட்டியது இன்னும் ஆச்சரியம். பூனை, எலி போன்ற இரவில் நடமாடும் விலங்குகளின் கண்ணில் மங்கிய ஒளியை உணரும் கோல் கலங்களில் எல்லாம் தலைகீழ். ஹெற்றரோகுரோமற்றின் நடுவில் குவிந்து நிற்கிறது, சுறுசுறுப்பான பகுதி ஓரத்தில். அந்தக் கரு ஒளியைக் குவித்து அனுப்ப உதவுகிறது. தலைகீழாக அடுக்கியும் அந்தக் கலம் ஒழுங்காக வேலை செய்கிறது!

இதற்கிடையில் கருவிகள் மாறிக்கொண்டிருந்தன. 2002 இல் ஜொப் டெக்கர் நுணுக்குக்காட்டியே இல்லாமல் மடிப்பை அளக்க ஒரு முறையைக் கொண்டுவந்தார். கலத்துக்குள் போமல்டிகைட்டு என்ற இரசாயனத்தை விட்டால் அருகருகே இருக்கும் டி.என்.ஏ. துண்டுகள் புரதங்களோடு சேர்ந்து அப்படியே பிணைந்துவிடும். பிறகு நொதியத்தால் வெட்டி, பிணைந்தவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, எந்தத் துண்டு எந்தத் துண்டோடு ஒட்டியது என்று எண்ணலாம். 2009 இல் லீபர்மன்-எய்டனும் டெக்கரும் சகாக்களும் இதை முழு ஜீனோமுக்கும் விரித்தார்கள், அதன் பெயர் ஹை-சி. அந்தக் கட்டுரையின் ஒரு முன்மொழிவு, டி.என்.ஏ. முடிச்சு விழாமல் மடிந்திருக்கிறது என்பது. மட்டக்களப்பு வாவியில் தோணியில் போகிறவர் வலையை எப்படி மடித்து அடுக்குகிறார் என்று பார்த்திருப்பீர்கள். குவியலாகத்தான் தெரியும். ஆனால் எந்த இடத்தைப் பிடித்து இழுத்தாலும் சிக்காமல் வரும், விட்டால் திரும்ப அதே மடிப்புக்குள் போகும். குரோமற்றினும் அப்படி இருந்தால்தான் தேவையான துண்டை மட்டும் கலம் திறந்து வாசிக்க முடியும்.

அப்புறம் 2012 இல், நிறமூர்த்தம் சில இலட்சம் முதல் பத்து இலட்சம் மூலச்சோடி வரையான பிரதேசங்களாகப் பிரிந்திருக்கிறது என்று பல குழுக்கள் ஒரே நேரத்தில் காட்டின. ஒரு பிரதேசத்துக்குள் இருக்கும் துண்டுகள் தங்களுக்குள் அதிகம் சந்திக்கும், எல்லை தாண்டிக் குறைவாகச் சந்திக்கும். எல்லைகளில் சிரிசிஎஃப் என்ற புரதம் நிற்கும். கொஹிசின் என்ற வளையம் டி.என்.ஏ.யைப் பிடித்து இழுத்துக் கண்ணியை நீட்டிக்கொண்டே போகும், சிரிசிஎஃப் வந்ததும் நிற்கும். 2019 இல் தனி மூலக்கூறுகளை நுணுக்குக்காட்டியில் வைத்து இதை நேரடியாகவே பார்த்தார்கள். விநாடிக்குச் சுமார் ஆயிரம் மூலச்சோடி வேகத்தில் கண்ணி வளர்கிறது.

இந்தப் புதிய முறைகள் வந்த காலத்தில் பலர் நுணுக்குக்காட்டியைக் கைவிட்டார்கள். பிக்மோர் கைவிடவில்லை. 2014 இல் அவருடைய குழு ஒரே இடத்தை, ஹொக்ஸ்-டி என்ற பரம்பரையலகுத் தொகுதியை, இரண்டு முறையாலும் அளந்து அருகருகே வைத்தது. சில இடங்களில் இரண்டும் ஒத்துப்போயின, சில இடங்களில் எதிர்மாறாகச் சொல்லின. பிணைப்பு முறையில் "அடிக்கடி சந்திக்கின்றன" என்று வந்த துண்டுகள் நுணுக்குக்காட்டியில் அருகருகே இருக்கவில்லை. போமல்டிகைட்டில் பிணைவதற்கும் உண்மையில் அருகில் இருப்பதற்கும் இடையில் வித்தியாசம் இருக்கலாம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். எல்லாரும் ஒரு கருவியின் பின்னால் ஓடும்போது அதன் அளவீட்டைச் சோதித்துப் பார்ப்பது பெரிய சேவை. அதைச் செய்கிறவர்களுக்குப் புகழ் குறைவாகத்தான் கிடைக்கும். ஒரு துறை நேராக நடப்பது அவர்களால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது ஆறு விரல் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் அங்கே வந்து கூடுகிறது.

நம் ஊர்களில் ஆறு விரலோடு ஒரு பிள்ளை பிறந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கூடுதல் விரல் சுண்டுவிரல் பக்கம் வருவதும் உண்டு, பெருவிரல் பக்கம் வருவதும் உண்டு. காரணங்கள் பல. பெருவிரல் பக்கம் வருவதற்கான ஒரு காரணத்தை 2003 இல் எடின்பரோவில், பிக்மோர் இருக்கும் அதே நிறுவனத்தில், லோரா லெற்றிஸ், பொப் ஹில் ஆகியோரின் குழு கண்டுபிடித்தது. கை கால்கள் உருவாகும்போது எஸ்எச்எச் என்ற பரம்பரையலகு முளையத்தின் கைமொட்டில் சுண்டுவிரல் பக்கம் மட்டும் வேலை செய்ய வேண்டும். பெருவிரல் பக்கமும் வேலை செய்துவிட்டால் அங்கே மேலதிக விரல் வரும். இப்படி மேலதிக விரல் பரம்பரையாக வந்த குடும்பங்களில் எஸ்எச்எச்சில் எந்த விகாரமும் (எழுத்து மாற்றமும்) இல்லை. விகாரம் இருந்தது பத்து இலட்சம் மூலச்சோடிக்கு அப்பால், எல்எம்பிஆர்1 என்ற வேறொரு பரம்பரையலகின் இன்ட்ரோனுக்கு, அதாவது புரதத்துக்கான குறியீடு இல்லாத இடைத்துண்டுக்கு, நடுவில். அங்கே இசட்ஆர்எஸ் என்ற ஒரு சின்ன ஆளி (சுவிட்ச்) இருக்கிறது. இப்படித் தூரத்திலிருந்து பரம்பரையலகை இயக்கும் ஆளிகளை என்ஹான்சர் என்பார்கள். அதில் ஒரே ஒரு எழுத்து மாறினாலே மேலதிக விரல் வரலாம்.

அந்த ஆளியின் வல்லமையைப் பாருங்கள். எலியில் அதை முழுவதும் நீக்கினால் கை கால்களின் கீழ்ப்பகுதி வளராது. 2016 இல் ஒரு குழு எலியின் ஆளியை எடுத்துவிட்டு மனிதனுடையதை வைத்தது, கால்கள் ஒழுங்காக வளர்ந்தன. மலைப்பாம்பினுடையதை வைத்தபோது கால்கள் குட்டையாகிக் குறண்டுபோயின. பாம்புகளின் பரிணாமத்தில் கால்கள் போனதோடு இந்த ஆளியும் சிதைந்து போயிருக்கிறது.

பத்து இலட்சம் மூலச்சோடிக்கு அப்பால் இருக்கும் ஆளி எப்படி எஸ்எச்எச்சை எட்டுகிறது? பாடப்புத்தகப் படம், டி.என்.ஏ. வளைந்து ஆளி வந்து பரம்பரையலகைத் தொடும் என்று காட்டும். பிக்மோர் குழு 2019 இல் இதே எஸ்எச்எச்சை நரம்புக் கலங்களின் முன்னோடிகளில் பார்த்தது. அங்கே அதை இயக்குவது வேறு என்ஹான்சர்கள். அவற்றைச் செயற்கையாகத் தூண்டிவிட்டுத் தூரத்தை அளந்தார்கள். எஸ்எச்எச் எரியத் தொடங்கியது. ஆனால் ஆளிக்கும் அதற்கும் இடையிலான தூரம் குறையவில்லை, கூடியது! அப்படியென்றால் தொடுகை இல்லாமலும் கட்டளை போக ஒரு வழி இருக்க வேண்டும். என்ஹான்சரைச் சுற்றித் திரளும் புரதங்கள் அந்த இடைவெளியை நிரப்புகின்றனவா என்பது இன்றும் சூடான விவாதம்.

அதே வருடம் பிக்மோர் குழுவின் இன்னொரு கட்டுரை. எஸ்எச்எச் பிரதேசத்தின் எல்லையில் உள்ள சிரிசிஎஃப் இடங்களை எலியில் அழித்தார்கள். பிரதேசத்தின் வடிவம் கெட்டது, ஆனால் எலி சாதாரணமாகப் பிறந்தது, விரல்களும் சரியாகவே இருந்தன. ஆனால் இதற்கு நான்கு வருடத்துக்கு முன் பேர்லினில் ஸ்டீபன் முண்ட்லொஸ் குழு, மனிதனில் வேறொரு பிரதேசத்தின் எல்லை அழிந்ததால் பக்கத்து ஆளி தவறான பரம்பரையலகை இயக்கி விரல்கள் கோணலாக வருவதைத் தெளிவாகக் காட்டியிருந்தது. 2017 இல் மற்றொரு குழு கொஹிசினையே கலத்திலிருந்து நீக்கியபோது ஜீனோமின் கண்ணிகள் எல்லாம் மறைந்தன, ஆனால் பெரிதாக மாறிய பரம்பரையலகுகள் சொற்பம். இவை ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. சில இடங்களில் எல்லை முக்கியம், சில இடங்களில் இல்லை. எங்கே ஏன் என்பதற்கு இன்னும் ஒரு பொது விதி கிடைக்கவில்லை. நீங்கள் கலாநிதிப் பட்டத்துக்குப் போகும் காலத்திலும் இந்தக் கேள்வி உங்களுக்காகக் காத்திருக்கும், பயப்பட வேண்டாம்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று வீட்டில் கேட்பார்கள். தலசீமியாவைச் சொல்லுங்கள். இலங்கையில் குருநாகலில் அதற்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் இருக்கிறது, மாதா மாதம் இரத்தம் ஏற்றிக்கொண்டு வளரும் பிள்ளைகள் நம் நாட்டில் இருக்கிறார்கள். நாம் பிறப்பதற்கு முன் நம் இரத்தத்தில் முதிர்மூலவுருவுக்கான ஈமோகுளோபின் இருக்கும், பிறந்த பிறகு அது அணைந்து வளர்ந்தோருக்கான வகை வரும். பீற்றா வகைத் தலசீமியாவில் கெட்டிருப்பது இரண்டாவது. அப்படியென்றால் பழையதைத் திரும்ப எரிய வைத்தால் என்ன? அதை அணைத்து வைத்திருக்கும் புரதம் பிசிஎல்11ஏ. அந்தப் புரதத்தையே அழித்தால் மற்றக் கலங்கள் பாதிக்கப்படும். ஆனால் செங்குருதிக் கலமாக வளரும் கலங்களில் மட்டும் அதை இயக்கும் ஒரு என்ஹான்சர் இருக்கிறது. நோயாளியின் என்புமச்சைக் கலங்களை வெளியே எடுத்து அந்த ஆளியை மட்டும் வெட்டித் திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதி கொடுத்தது, டி.என்.ஏ.யைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் முறையில் உலகில் அனுமதி பெற்ற முதல் சிகிச்சை அது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். குருநாகலில் இருக்கும் பிள்ளைக்கு அது எட்டாத விலை என்பது எனக்கு உறுத்துகிறது. அதை எட்டும் விலைக்குக் கொண்டுவரும் ஆராய்ச்சியையும் யாராவது செய்யத்தான் வேண்டும். அது நம் நாட்டுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

அப்படி ஒரு வாழ்க்கை நாளுக்கு நாள் எப்படி இருக்கும் என்றால், பெரும்பகுதி அளப்பதும் எண்ணுவதும். ஒரு படம் எடுக்க அரை நாள், அதை நம்பலாமா என்று தீர்மானிக்கப் பல மாதம். ஆய்வுகூடத் தலைவரானால் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதில் பாதி நேரம் போகும். பிக்மோர் 2015 இல் தன் நிறுவனத்தின் இயக்குநரானார், 2017 இல் பிரித்தானியாவின் விஞ்ஞானக் கழகமான றோயல் சொசைற்றி அவரை உறுப்பினராகத் தெரிவுசெய்தது. ஆனால் மேலே சொன்ன 2019 கட்டுரைகள் அந்தப் பதவிகளுக்குப் பிறகு வந்தவை என்பதைக் கவனியுங்கள். பதவி வந்த பிறகும் கேள்வியை விடவில்லை.

கடைசிக் கேள்வி, மட்டக்களப்பில் இருந்து வழி. வழி இருக்கிறது. உயிரியல் பிரிவில் மருத்துவத்துக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாவிட்டால் வாழ்க்கையே போய்விட்டது என்று வீட்டில் சொல்வார்கள். உயிரியல் விஞ்ஞானப் பட்டத்தை ஆறுதல் பரிசாகப் பார்க்க வேண்டாம். இந்த ஆராய்ச்சிக்கு அதுதான் நேர்வழி. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் இருக்கிறது, அம்பாறை மாவட்டத்தில் சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. பேராதனையில் மூலக்கூற்று உயிரியலுக்கென்றே ஒரு துறை உண்டு. எங்கே போனாலும் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு முயற்சி செய்யுங்கள், அதில்தான் சொந்தமாக ஒரு ஆய்வு செய்யக் கிடைக்கும். பிறகு முதுமாணிக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயன, மூலக்கூற்று உயிரியல் நிறுவகமும் பேராதனையின் விஞ்ஞான பட்டப்பின் படிப்பு நிறுவகமும் இருக்கின்றன.

கலாநிதிப் பட்டத்துக்கு வெளியே போவதுதான் இப்போதைக்கு நல்லது, ஏனெனில் இந்தப் பரிசோதனைகளுக்கான கருவிகளும் நொதியங்களும் நம் நாட்டுக்கு வந்து சேர்வது கடினம், குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டிய பொருள் சுங்கத்தில் நின்றால் போச்சு. அமெரிக்காவில் முதல் பட்டத்திலிருந்தே நேராகக் கலாநிதிப் பட்டத்துக்குச் சேரலாம். படிப்புச் செலவை அவர்களே ஏற்று மாதப் படியும் தருவார்கள், ஐந்தாறு வருடம் எடுக்கும். பிரித்தானியாவுக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜப்பானுக்கு அந்த நாட்டு அரசின் புலமைப்பரிசில் இருக்கின்றன. பக்கத்திலேயே ஹைதராபாத்தில் கலவியல், மூலக்கூற்று உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே ராகேஷ் மிஸ்ரா பழ ஈயை வைத்துக் குரோமற்றின் எல்லைகளைப் பல வருடம் ஆராய்ந்தவர். பெங்களூரில் டிம்பிள் நொடானியின் ஆய்வுகூடம் என்ஹான்சர்களில் வேலை செய்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். நம் உயர்தர உயிரியல் பிரிவில் கணிதம் இல்லை. இந்தத் துறைக்கு அது பெரிய குறை. பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை கிடைக்கும் நீண்ட இடைவெளியில் புள்ளிவிபரவியலும் பைத்தன் அல்லது ஆர் என்ற கணினி மொழியும் படியுங்கள். ஆங்கிலமும் அப்படித்தான். பாடசாலையில் தமிழில் தெளிவாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு ஆங்கிலச் சொற்கள் பிறகு வேகமாக ஏறும், அதனால் தமிழில் படித்ததை ஒருபோதும் குறையாக நினைக்காதீர்கள்.

பல்கலைக்கழகம் வரை காத்திருக்கவும் தேவையில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகம் நடத்தும் ஜீனோம் உலாவி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், சாதாரண மடிக்கணினியே போதும். மனித ஜீனோமின் எச்ஜி38 பதிப்பைத் தெரிவுசெய்து, 7ஆம் நிறமூர்த்தத்தில் எஸ்எச்எச்சைத் தேடுங்கள். 15 கோடியே 58 இலட்சத்துக்கு அருகில் நிற்கும். பிறகு எல்எம்பிஆர்1ஐத் திறந்து 15 கோடியே 67 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு அருகில் போங்கள், அங்கேதான் இசட்ஆர்எஸ். இரண்டையும் கழித்துப் பாருங்கள். அடுத்ததாக அதே பக்கத்தில் ஹை-சி தடத்தை இயக்குங்கள். முக்கோணம் முக்கோணமாக நிறங்கள் வரும், ஒவ்வொரு முக்கோணமும் நான் சொன்ன ஒரு பிரதேசம். எஸ்எச்எச்சும் இசட்ஆர்எஸ்ஸும் ஒரே முக்கோணத்துக்குள் விழுகின்றனவா என்று பார்த்து, அந்தப் படத்தில் புரியாத இடம் எது என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிலை அங்கிருந்து தொடங்குகிறேன்.